காலனியப் பெயர்களை மாற்ற வேண்டுமா? எந்தப் பெயரை, யாருக்காக?

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வெள்ளையர் வைத்துவிட்டுப் போன மலை, தீவு, சாலை, கட்டடப் பெயர்களை ஒன்று விடாமல் மாற்ற வேண்டும் என்கிறார் உங்கள் நண்பர். மாற்றினால் வரலாறே அழிந்துபோகும் என்கிறீர்கள் நீங்கள். யார் சொல்வது சரி என்பது முதல் கேள்வி. மற்ற நாடுகளில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்பது இரண்டாவது. பெயர் மாறிவிட்டால் பழைய பத்திரமும் சான்றிதழும் செல்லுமா என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள், அது மூன்றாவது.

பழைய வரைபடங்களிலும் நில அளவைப் பதிவுகளிலும் உள்ள இடப்பெயர்களை இன்றைய பெயர்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். அந்த அனுபவத்தில் இருந்துதான் பதில் சொல்கிறேன். வக்கீல் அல்ல, மூன்றாவது கேள்விக்கு வரும்போது அதை நினைவில் வையுங்கள். முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: நீங்கள் இருவருமே 'காலனியப் பெயர்' என்று ஒரே வகை இருப்பதாக எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். அப்படி ஒரே வகை கிடையாது. ஏற்கெனவே பெயர் இருந்த ஒரு மலையின் மேல் ஒட்டப்பட்ட பெயர் ஒரு ரகம். அவர்களே போட்ட ரோட்டுக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் இன்னொரு ரகம். அவர்கள் போன பிறகு நம் ஆட்களே விரும்பி வைத்த வெள்ளைக்காரன் பெயரும் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது.

முதல் ரகத்துக்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் எவரெஸ்ட். இந்திய நிலப்பரப்பை முக்கோணம் முக்கோணமாக அளந்த அந்த மாபெரும் நில அளவை, வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைக்குப் பக்கத்தில் பரங்கிமலை அருகே முதலில் அளந்து போட்ட அடிப்படைக் கோட்டில் இருந்து வளர்ந்தது. அரை நூற்றாண்டு கழித்து அந்தக் கணக்கு இமயமலைக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை வெறும் '15ஆம் சிகரம்' என்று குறிக்கப்பட்ட மலைதான் உலகத்திலேயே உயரமானது என்று 1852 வாக்கில் கணக்குப் போட்டுக் காட்டியவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. நில அளவைத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ வாஹ், உள்ளூர்ப் பெயர் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை என்று சொல்லி, தனக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்த ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரை 1856இல் முன்மொழிந்தார். 1865இல் லண்டன் புவியியல் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. இதில் வேடிக்கை, எவரெஸ்டே அதை எதிர்த்தார். இந்தியில் இந்தப் பெயரை எழுத முடியாது, உள்ளூர்க்காரர்கள் வாயில் நுழையாது என்பது அவர் வாதம். போதாததற்கு, அவர் குடும்பத்தில் அதை 'ஈவ்ரெஸ்ட்' என்றுதான் உச்சரித்தார்கள். இன்றைக்கு உலகமே தப்பாக உச்சரிக்கும் பெயர் அது.

உள்ளூர்ப் பெயர் இல்லை என்பது உண்மையா? இல்லை. திபெத்தியர் வழங்கிய சோமோலுங்மா என்ற பெயரை ஒத்த ஒன்று, 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அச்சான வரைபடத்திலேயே இருக்கிறது. ஆனால் வாஹ் பொய் சொன்னார் என்று ஒரே வரியில் முடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அப்போது நேபாளத்துக்குள்ளும் திபெத்துக்குள்ளும் அளவையாளர்களை விடவில்லை. நூறு மைல் தள்ளி, சமவெளியில் நின்று தொலைநோக்கியில் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. ஆக, அந்தப் பெயரில் ஒரு பேரரசின் மிதப்பும் இருக்கிறது, தூரத்தில் நின்று பார்த்தவனின் அறியாமையும் இருக்கிறது. பழைய பதிவுகளைப் புரட்டும்போது நான் அடிக்கடி பார்ப்பது இந்தக் கலவையைத்தான். அளவையாளர் கேட்பார், மொழிபெயர்க்கும் துபாஷி ஒன்றைச் சொல்வார், குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதுவார், செப்புத் தகட்டில் செதுக்குபவர் ஓர் எழுத்தை விழுங்குவார். அப்புறம் நூறு வருடம் அதுதான் ஊரின் பெயர்.

இதோடு ஒப்பிட்டால், அலாஸ்காவில் இருக்கும் தெனாலி மலையின் கதையில் அறியாமை என்ற சாக்குக்குக்கூட இடமில்லை. 6,190 மீட்டர் உயரம். வட அமெரிக்காவிலேயே உயரமான சிகரம். அங்கே தங்கம் தேடப் போன வில்லியம் டிக்கி என்பவர் 1896இல் அதற்கு மெக்கின்லி என்று பெயர் வைத்தார். மெக்கின்லி அப்போது அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் வேட்பாளர். நாணயம் தங்கத்தின் அடிப்படையில் இருக்க வேண்டுமா, வெள்ளியா என்று நாடே அடித்துக்கொண்டிருந்த நேரம். தங்கத்தின் பக்கம் நின்றவர் என்பதற்காக வைத்த பெயர். அந்த மனிதர் வாழ்நாளில் அலாஸ்காவில் கால் வைத்ததே இல்லை. 1975இல் அலாஸ்கா மாநிலமே தெனாலி என்று மாற்றிக்கொண்டு, மத்திய அரசும் மாற்ற வேண்டும் என்று கேட்டது. மெக்கின்லியின் சொந்த மாநிலமான ஒஹாயோவின் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர், இது நாடாளுமன்றத்தின் பரிசீலனையில் இருக்கிறது என்று காட்டும்படி திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவந்தே பல பத்தாண்டுகள் அதைத் தடுத்து வைத்தார். பரிசீலனையில் இருக்கும் பெயரைப் பெயர் வாரியம் தொடாது என்ற விதி அவருக்கு வசதியாகிவிட்டது. 2015இல் ஒபாமா அரசு மாற்றியது. 2025 ஜனவரியில் டிரம்ப் திரும்பவும் மெக்கின்லி ஆக்கினார். சுற்றியுள்ள தேசியப் பூங்காவுக்கு மட்டும் இப்போதும் தெனாலி என்றுதான் பெயர். இந்த மாதிரி இடங்களில் பழைய பெயரைத் திருப்பித் தர வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஏனென்றால் அந்தப் பெயரைச் சொல்லும் மக்கள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள், அந்த மொழி இன்னும் உயிரோடு இருக்கிறது, அவர்களே கேட்கிறார்கள்.

ஆனால் 'பழைய பெயர்' என்றதும் ஒரே ஒரு பெயர் இருந்ததாக நினைத்துவிடக் கூடாது. இந்தத் துறையில் சந்தேகத்துக்கு இடமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. தெனாலி என்பது வடக்குப் பக்கத்தில் இருக்கும் கோயுகோன் மக்களின் வழக்கு. அதே மலைக்குத் தெற்கே வாழும் தெனாயினா மக்கள் வேறு பெயர் சொல்வார்கள். எவரெஸ்டுக்கு நேபாள அரசு வைத்திருக்கும் சாகர்மாதா என்ற பெயரைப் பரவலாக்கியவர் பாபுராம் ஆச்சாரியா என்ற வரலாற்றாசிரியர், அதுவும் 20ஆம் நூற்றாண்டில். அது உள்ளூரில் வழங்கிய பெயரா, அவரே உருவாக்கியதா என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. மலையின் அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஷெர்பாக்கள் சொல்வது சோமோலுங்மாதான். ஒரு மலைக்கு இந்தச் சரிவில் ஆடு மேய்ப்பவர் ஒரு பெயரும் அந்தச் சரிவில் விவசாயம் செய்பவர் இன்னொரு பெயரும் வைத்திருப்பது உலகம் முழுக்கச் சகஜம். 'உண்மையான பெயர்' என்று யாராவது அடித்துப் பேசினால், யாருடைய உண்மை என்று கேட்பது நல்லது.

இதற்கு ஆஸ்திரேலியா கண்ட வழி பார்க்கத் தகுந்தது. நடுப் பாலைவனத்தில் இருக்கும் அந்தச் சிவப்புப் பாறைக்கு 1873இல் வில்லியம் காஸ் என்ற அளவையாளர், தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமைச் செயலர் ஹென்றி ஏயர்ஸின் பெயரை வைத்தார். அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்கு அது எப்போதும் உலுரு. 1993இல் 'ஏயர்ஸ் ராக் / உலுரு' என்று இரட்டைப் பெயராக்கினார்கள். 2002இல் வரிசையைத் திருப்பி உலுருவை முன்னால் போட்டார்கள். இன்று ஏயர்ஸ் என்று சொல்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். யாரும் தடை போடவில்லை, தானாகவே தேய்கிறது. பலர் கவனிக்காத விஷயம் என்னவென்றால், பெயர் மாறுவதற்கு முன்பே, 1985இல், அந்த நிலத்தின் உரிமையை அனங்கு மக்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் அதைத் தேசியப் பூங்காவுக்காக 99 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். பாறை மேல் ஏறுவதை 2019இல் நிறுத்தியது அவர்களும் சேர்ந்து எடுத்த முடிவு. நியூசிலாந்தில் குக் மலை 1998இல் 'அவோராக்கி / மவுண்ட் குக்' ஆனதும் தனியாக நடந்ததல்ல. ங்காய் தாஹு என்ற மாவோரிப் பழங்குடி மக்களோடு அரசு செய்த இழப்பீட்டு உடன்பாட்டின் ஒரு பகுதி அது. மன்னிப்பும் பணமும் நிலமும் அதில் சேர்ந்திருந்தன. பெயர்ப் பலகையை மாற்றுவது அரசுகளுக்கு மிக மலிவான பரிகாரம். நிலமோ உரிமையோ கூடவே வந்ததா என்று பார்த்தால், ஒரு பெயர்மாற்றம் எவ்வளவு கனமானது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இந்த உரைகல்லில் அந்தமானை உரசிப் பாருங்கள். 2018 டிசம்பர் 30 அன்று ராஸ் தீவு, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆனது. நீல் தீவு ஷஹீத் தீவு, ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவு. 2024இல் போர்ட் பிளேரை ஸ்ரீ விஜயபுரம் ஆக்குவதாக அறிவித்தார்கள். ஹேவ்லாக்கும் நீலும் 1857 கிளர்ச்சியை அடக்கிய தளபதிகள். நீலின் கொடுமை அலகாபாத்திலும் கான்பூரிலும் எப்படி இருந்தது என்பது ஆங்கிலேயர் எழுதிய பதிவுகளிலேயே உள்ளது. அந்தப் பெயர்கள் போனதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். புதிய பெயர்களும் ஆகாயத்தில் இருந்து குதித்தவை அல்ல. 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் போஸ் கொடியேற்றினார். அந்தமானுக்கு ஷஹீத் என்றும் நிகோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயர் சூட்டினார். (அப்போது தீவுகளைக் கையில் வைத்திருந்த ஜப்பானியரிடம் அங்கிருந்த மக்கள் பட்ட பாடு தனிக்கதை, விழா மேடைகளில் அதைப் பற்றிப் பேச்சே வருவதில்லை.) சரி, இதெல்லாம் இருக்கட்டும். அந்தத் தீவுகளில் பல ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த மக்கள் இருக்கிறார்கள்: பெரிய அந்தமானியர், ஒங்கே, ஜாரவா, சென்டினலியர். 1858இல் தண்டனைக் குடியேற்றம் வந்த பிறகு நோயிலும் மோதலிலும் பெரிய அந்தமானியர் கிட்டத்தட்ட அழிந்தே போனார்கள். தீவின் மேல் லண்டன் ஒரு பெயரை எழுதியது. அதை அழித்துவிட்டு டெல்லி இன்னொரு பெயரை எழுதியிருக்கிறது. அங்கிருந்த மக்களின் நாக்கில் இருந்த பெயர் இரண்டு முறையும் கணக்கில் வரவில்லை. இதைக் காலனிய நீக்கம் என்று சொல்ல எனக்குத் தயக்கம். தேசியப் பெயர்சூட்டல் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் அது வேறு காரியம்.

நீலின் பெயரை எடுத்துவிட்டேன், அதனால் உங்கள் 'வரலாறு அழியும்' வாதத்துக்கு இங்கேயே வருகிறேன். அதே நீலின் சிலை மதராஸில், மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927இல் அதை எடுக்கச் சொல்லி சத்தியாகிரகம் நடந்தது, பலர் சிறைக்குப் போனார்கள். 1937இல் ராஜாஜி தலைமையில் அரசு அமைந்ததும் சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. வரலாறு அழிந்ததா? சொல்லப்போனால், சிலையை எடுத்த கதையால்தான் நீல் யாரென்று இன்றைக்குச் சிலருக்காவது தெரிகிறது. நடுரோட்டில் நின்றிருந்தால் காக்கை உட்காரும் இன்னொரு கல் என்பதற்கு மேல் யாரும் ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். தெருப் பெயர் ஒருவரைக் கௌரவப்படுத்தும். அவர் என்ன செய்தார் என்று சொல்லித் தராது. ஆகவே உங்கள் பயத்தின் பெரும்பகுதி தேவையற்றது.

பெரும்பகுதி என்றுதான் சொன்னேன். ஒரு சிறு பகுதி நியாயமானது, என் வேலையில் தினமும் தலைவலி கொடுத்ததும் அதுதான். பழைய பெயருக்கும் புதுப் பெயருக்கும் இடையில் பாலம் போடாமல் மாற்றிவிட்டால், ஆவணத்தில் இருக்கும் ஒரு தெரு இன்றைய வரைபடத்தில் எங்கே என்று கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகும். பெர்லினில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது: தெருப் பெயர் மாறினால் பழைய பலகையைச் சிவப்புக் கோடு போட்டு அடித்து, புதியதன் பக்கத்திலேயே கொஞ்ச காலம் விட்டு வைப்பார்கள். செலவு மிகக் குறைவு, பயன் பெரிது. நம் ஊர்களிலும் அரசாணையில் பழைய பெயர், புதுப் பெயர், எந்தத் தேதியில் இருந்து என்ற மூன்றையும் தெளிவாகப் போட்டு, அந்தப் பட்டியலைப் பொதுவில் வைத்தாலே போதும். வரலாற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று உணர்ச்சிவசப்படுகிறவர்கள் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை என்பதுதான் வருத்தம்.

இரண்டாவது ரகம், அதாவது அவர்கள் போட்ட சாலை, கட்டிய மண்டபம். இவற்றுக்கு முந்தைய பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. எனவே 'மீட்பு' என்ற பேச்சுக்கு இடமில்லை. யாரைக் கௌரவிப்பது என்ற தேர்வு மட்டுமே. அது முழுக்க அரசியல், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுதந்திரம் அடைந்த மக்கள் தங்கள் தெருவுக்குத் தங்கள் தலைவரின் பெயரை வைப்பது இயல்பு. ஆனால் அது நிலைக்குமா என்பது வேறு. சென்னையில் எட்வர்ட் எலியட்ஸ் ரோடு, ராதாகிருஷ்ணன் சாலையாக நிலைத்துவிட்டது. எலியட்ஸ் ரோடு என்று சொன்னால் இளையவர்கள் முழிப்பார்கள். பைகிராப்ட்ஸ் ரோடு பாரதி சாலையாகிவிட்டது. மவுண்ட் ரோடு மட்டும், அண்ணா சாலையாகி அரை நூற்றாண்டு கடந்த பிறகும், பேச்சில் மவுண்ட் ரோடாகவே இருக்கிறது. இத்தனைக்கும் அண்ணாவை விட மக்கள் நேசித்த தலைவர் அந்த ஊரில் அரிது. டெல்லியில் கன்னாட் பிளேஸுக்கு 1995இல் ராஜீவ் சௌக் என்று பெயரிட்டார்கள். மெட்ரோ நிலையத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, ஆனால் கடைத்தெரு இன்னும் சி.பி.தான். சென்னை சென்ட்ரலுக்கு 2019இல் வைத்த நீண்ட பெயரை ஆட்டோவில் ஏறி முழுதாகச் சொன்னவர் யாராவது உண்டா? ஏன் ஒன்று ஒட்டுகிறது, இன்னொன்று ஒட்டவில்லை என்பதற்கு உறுதியான விதி இல்லை. நீளமான பெயர் தோற்கும், வாய்க்கு எளிதான பெயர் ஜெயிக்கும் என்பது என் அனுமானம், அவ்வளவுதான்.

பெர்லின் பற்றிச் சொன்னேன் அல்லவா, அங்கே நடந்த ஒரு தந்திரத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மன் ஆதிக்கத்தை நிறுவிய கொடூரமான ஆள் கார்ல் பீட்டர்ஸ். நாஜிகள் 1939இல் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்கள்: பீட்டர்ஸ்அல்லே. 1986இல் எதிர்ப்பு கிளம்பியது. நகர நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? பலகையை அப்படியே விட்டுவிட்டு, இனிமேல் இந்தப் பீட்டர்ஸ் அந்தப் பீட்டர்ஸ் அல்ல, நாஜி எதிர்ப்பில் ஈடுபட்ட ஹான்ஸ் பீட்டர்ஸ் என்ற அரசியல்வாதி என்று அறிவித்துவிட்டது. யாரும் முகவரி மாற்ற வேண்டாம், எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 2024இல் தெருவை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஜெர்மானியரை எதிர்த்து நடந்த மாஜி மாஜி போரின் பெயரையும், மறு பகுதிக்கு நமீபியப் போராளி அன்னா முங்குண்டாவின் பெயரையும் வைத்தார்கள். இதற்கு நேர்மாறாக கனடாவின் டொராண்டோ. டண்டாஸ் தெருவின் பெயரை மாற்றுவதாக 2021இல் நகராட்சி முடிவெடுத்தது. செலவு மதிப்பீடு ஏற ஏற, 2023இல் தெருவைக் கைவிட்டு, அதில் இருந்த சதுக்கம் போன்ற சில இடங்களுக்கு மட்டும் வேறு பெயர் வைப்பதாக முடிவுசெய்து ஒதுங்கிக்கொண்டது. இத்தனைக்கும் அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த பிரிட்டிஷ் அரசியல்வாதி ஹென்றி டண்டாஸ் 1792இல் அடிமை வணிக ஒழிப்புத் தீர்மானத்தில் 'படிப்படியாக' என்ற சொல்லைச் செருகியது ஒழிப்பைத் தள்ளிப்போடவா, தீர்மானத்தைத் தேற்றவா என்று வரலாற்றாசிரியர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். மனிதரைப் பற்றிய தீர்ப்பே முடியாதபோது பலகையைப் பற்றிய தீர்ப்பு அவசரம் என்பது என் கட்சி.

மூன்றாவது ரகத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பரின் 'ஒன்று விடாமல்' என்ற நிபந்தனை இங்கே உடைகிறது. தேனி மாவட்டத்தில் போய் பென்னிகுயிக் பெயரை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய அந்தப் பொறியாளரின் பிறந்த நாள் ஜனவரி 15. அன்றைக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது, தேனி பேருந்து நிலையத்துக்கே அவர் பெயர். இவை எதையும் வெள்ளையர் வைக்கவில்லை; சுதந்திர இந்தியாவில் தமிழ்நாட்டு அரசு வைத்தது, மக்கள் கேட்டு வைத்தது. சொத்தை விற்று அணையை முடித்தார் என்ற கதைக்கு ஆவண ஆதாரம் வலுவாக இல்லை. அது அரசுப் பணத்தில் எழுந்த அணை. ஆனாலும் வறண்டு கிடந்த பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வந்தது கதை அல்ல. அதே நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கம், 1886இல் திருவிதாங்கூர் மன்னரிடம் 999 வருடக் குத்தகை எழுதி வாங்கியதைப் பேரரசின் மிரட்டலாகத்தான் கேரளத்தில் பலர் பார்க்கிறார்கள். ஒரே மனிதர், ஒரே அணை, மலைக்கு இரு பக்கத்திலும் இரண்டு நினைவு. எது காலனியப் பெயர், எது நம் பெயர் என்பதை வைத்தவரின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

மற்ற நாடுகள் பற்றிய கேள்விக்கு இன்னும் கொஞ்சம். சிங்கப்பூர், அங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸை வேண்டுமென்றே வைத்துக்கொண்டது. டச்சுப் பொருளாதார ஆலோசகர் ஆல்பர்ட் வின்செமியஸ், சிலையை எடுக்காதீர்கள், முதலீட்டாளர்களுக்கு அது ஒரு நம்பிக்கை என்றார். லீ குவான் யூ கேட்டுக்கொண்டார். 2019இல், ராஃபிள்ஸ் வந்து இருநூறு ஆண்டு ஆனபோது, அவர் சிலைக்குப் பக்கத்தில் வேறு நால்வருக்குச் சிலை நிறுத்தினார்கள். அதில் ஒருவர் நாராயண பிள்ளை, 1819இல் ராஃபிள்ஸோடு கப்பலில் வந்த தமிழர், மாரியம்மன் கோயிலைக் கட்டியவர். நீக்காமல் சேர்ப்பது என்ற வழி அது. ஜிம்பாப்வே தன் நாட்டின் பெயரையும் (ரொடீசியா), தலைநகரின் பெயரையும் (சாலிஸ்பரி) மாற்றியது, ஆனால் விக்டோரியா அருவியை விட்டுவைத்தது. காரணம் சுற்றுலா வருமானம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். யுனெஸ்கோ பட்டியலில் உள்ளூர்ப் பெயரையும் சேர்த்து 'மோசி-ஓவா-துன்யா / விக்டோரியா' என்று இரண்டும் உண்டு. விக்டோரியா ஏரி மூன்று நாடுகளுக்குப் பொது. ஒருவர் மாற்றினால் மற்ற இருவரும் மாற்ற வேண்டும், அதனாலேயே அது கிடக்கிறது. புதுச்சேரி 2006இல் தன் பெயரைத் திருத்திக்கொண்டது, பிரெஞ்சுக்காரர் பெயர் கொண்ட துய்மா வீதியும் சுஃப்ரேன் வீதியும் அப்படியே இருக்கின்றன. எல்லோரும் கொள்கையோடுதான் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம்; பாதி வசதி, பாதி வருமானம்.

இனி ஆவணங்கள். இந்தியாவில் நடைமுறை தெளிவாகவே இருக்கிறது. மாநிலத்தின் பெயரை மாற்ற அரசியல் சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். ஊரின் பெயரை மாநில அரசு மாற்றலாம், ஆனால் மத்திய உள்துறையின் ஒப்புதல் வேண்டும். அவர்கள் ரயில்வே, தபால் துறை, இந்திய நில அளவைத் துறையிடம் ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். இதற்கு 1953இல் உள்துறை அனுப்பிய வழிகாட்டுதல்தான் இன்னும் அடிப்படை. வலுவான காரணம் இல்லாமல் மக்களுக்குப் பழகிய பெயரைத் தொடாதீர்கள், வெறும் உள்ளூர்ப் பற்றை வைத்து மாற்றாதீர்கள் என்பது அதன் சாரம். அது எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். தெருப் பெயர் உள்ளாட்சியின் கையில், சில நேரம் மாநில அரசாணையில்.

ஊரின் பெயர் மாறினால் எல்லாமே தானாக மாறிவிடாது. மதராஸ் 1996இல் சென்னை ஆனது. உயர் நீதிமன்றத்தின் பெயர் இன்னும் மதராஸ்தான். அதை மாற்ற 2016இல் வந்த மசோதா நிறைவேறவில்லை. பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் அவற்றின் சட்டத்தில் உள்ள பெயரிலேயே ஓடுகின்றன. (மதராஸ் என்பது வெள்ளையர் வைத்த பெயர் என்று பலர் நம்புகிறார்கள். 1639இல் அவர்களுக்கு நிலம் கொடுத்த சாசனத்திலேயே மதராஸ்பட்டணம் வருகிறது. அவர்கள் வருவதற்கு முன்பே வழங்கிய பெயர் அது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதுதான் தீராத வழக்கு.) 2020 ஜூனில் தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. கோயம்புத்தூருக்கு வந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஊரே சிரித்தது, சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். நோக்கம் சரி. ஒலியை ஆங்கில எழுத்தில் எப்படிக் குறிப்பது என்று ஒரு சீரான முறை வைத்துக்கொள்ளாமல் இறங்கியதுதான் கோளாறு.

உங்கள் பத்திரத்தைப் பொறுத்தவரை, தெருவோ ஊரோ பெயர் மாறியதால் மட்டும் அது செல்லாமல் போகாது. நிலத்தை அடையாளம் காட்டுவது சர்வே எண்ணும் நான்கு எல்லைகளும் பரப்பளவும்தான். பெயர் துணைக்கு இருப்பது. பிறப்புச் சான்றிதழும் படிப்புச் சான்றிதழும் கொடுத்த அன்றைக்கு என்ன பெயரோ அதோடு செல்லும், திருத்தி வாங்க வேண்டியதில்லை. புதிதாக விற்பனைப் பத்திரம் எழுதும்போது மட்டும் 'முன்பு இன்ன பெயர் கொண்ட' என்று பழைய பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டு வேலைக்கோ விசாவுக்கோ இரண்டு ஆவணங்களில் இரண்டு ஊர்ப்பெயர் இருந்து கேள்வி வந்தால், பெயர் மாற்றிய அரசிதழ் அறிவிப்பின் நகலை இணைத்தால் பெரும்பாலும் போதும். சொத்தில் ஏற்கெனவே வில்லங்கம் இருக்கிறது என்றால் மட்டும் என்னை நம்பாமல் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.